மலைமேல் ஓர் ஆண்டி

கொல்கத்தாவில் குப்பை கொட்டும் தமிழர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். இங்கே கிரிக்கெட்டைப் பற்றி என்ன உளறினாலும் மன்னித்துவிடுவார்கள். கால்பந்தைப் பற்றி வாயைத் திறந்தால் டீ ஆறிவிடும், விவாதம் ஆறாது. உள்ளூரில் மோகன் பகானா ஈஸ்ட் பெங்காலா என்ற சண்டை. உலகக் கோப்பை வருடமாக இருந்தால் பிரேசிலா அர்ஜென்டினாவா என்ற சண்டை. 2008-ல் மட்டும் இந்த ஊர் இரண்டு பெரிய ஆட்களைப் பார்த்துவிட்டது. மே மாதம் பயர்ன் மியூனிக் அணியோடு ஆலிவர் கான் வந்து சால்ட் லேக் ஸ்டேடியத்தில் விடைபெறும் ஆட்டம் ஆடினார். டிசம்பரில் மரடோனாவே வந்தார்.

எங்கள் கிளையில் அர்ஜென்டினா கட்சிதான் பலம். அவர்களிடம் 1990 இறுதி ஆட்டத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பங்காளி அபகரித்த நிலத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுவார்கள். நடுவர் கோடெசல் கொடுத்த பெனால்டி, மரடோனாவின் அழுகை, எல்லாம் நேற்று நடந்த மாதிரி சொல்வார்கள். ஆனால் அந்தப் பெனால்டியை அடித்தவர் யார் என்று கேட்டால் பாதிப் பேர் மத்தேயஸ் என்பார்கள், சிலர் கிளின்ஸ்மன் என்பார்கள். அடித்தவர் இரண்டு பேருமில்லை. ஆண்ட்ரியாஸ் பிரேமே என்ற இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர்.

ஜெர்மனியில் அவரை எல்லோரும் ‘ஆண்டி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அதிக வருடங்கள் ஆடிய மைதானம் ஒரு குன்றின் மேல் இருக்கிறது. உங்களுக்குப் பழநி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை :-)

இந்த ஆண்டியையும் அந்தக் குன்றையும் பற்றித்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். கால்பந்து பிடிக்காதவர்களும் படிக்கலாம். பிறந்த ஊரை விட்டு வேறு ஊரில் வேர் பிடித்த எல்லோருக்கும் இதில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஃபுல்பேக் என்றால் யார்?

கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு இடமும் வலமும் ஓரமாக நிற்கிறவர் ஃபுல்பேக். எதிரணி ஓரத்தில் பந்தைக் கொண்டு வந்தால் தடுக்க வேண்டும். தன் அணி முன்னேறினால் கூடவே அந்தக் கோடி வரை ஓடி, பந்தைக் குறுக்கே தூக்கிப் போட வேண்டும். பந்து பறிபோனால் திரும்ப ஓடி வர வேண்டும். வங்கிக் கிளையில் இரண்டாவது அதிகாரி மாதிரி. வியாபாரம் பெருகினால் மேனேஜர் பெயர் சொல்வார்கள், கணக்கு இடித்தால் இவரைக் கூப்பிடுவார்கள். கோல் அடித்தவரை ஊர் கொண்டாடும். ஃபுல்பேக் ஒருவர் கொண்டாடப்படுகிறார் என்றால் அவரிடம் ஏதோ விசேஷம் இருக்க வேண்டும்.

பிரேமேயின் விசேஷம், அவருக்கு இரண்டு காலும் ஒன்று. பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்கு ஒரு கால்தான் பேசும், மற்றது நிற்க மட்டும் உதவும். பிரேமேக்கு அப்படி இல்லை. 1960 நவம்பர் 9 அன்று ஹாம்பர்கில் பிறந்தவர். அப்பாவும் கால்பந்துக்காரர். சின்ன வயதிலேயே இரண்டு காலாலும் அடிக்கப் பழக்கிவிட்டார். 1986 உலகக் கோப்பைக் காலிறுதியில் மெக்சிகோவுக்கு எதிரான பெனால்டி போட்டியில் இடது காலால் அடித்து கோல் போட்டார். நான்கு வருடம் கழித்து ரோமில் அதே மனிதர் வலது காலால் அடித்தார். கோல்கீப்பர் எந்தக் காலைப் பார்த்துப் பாய்வது?

பிறந்த ஊர் ஹாம்பர்க் என்றேன். அந்த ஊரின் பெரிய கிளப் ஹாம்பர்கர் எஸ்.வி. அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலேயே பெரிய பெயர். உள்ளூர்ச் சின்னக் கிளப்பான பார்ம்பெக்-ஊலன்ஹோர்ஸ்ட்டில் ஆடி வளர்ந்த பிரேமே, ஹாம்பர்கர் எஸ்.வி.யின் சட்டையைக் கடைசி வரை போடவே இல்லை. 1980-ல் நாட்டின் மறு கோடிக்கு, சார்புரூக்கன் என்ற இரண்டாம் பிரிவுக் கிளப்புக்குப் போனார். அடுத்த வருடம் பக்கத்து ஊர்க் கிளப் அவரை எடுத்துக்கொண்டது. அந்த ஊர் பெயர் கைஸர்ஸ்லாட்டர்ன்.

குன்றும் ஊரும்

பெயர் நீளம். ஊர் சிறியது, ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். ஜெர்மனியின் தென்மேற்கில் காடு சூழ்ந்த பிரதேசம். தையல் இயந்திரம் வைத்திருந்த வீடுகளில் ஃபாஃப் என்ற பெயரைச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். அந்தக் கம்பெனி 1862-ல் தொடங்கியது இந்த ஊரில்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கப் படைகள் இந்தப் பக்கம் பெரிய தளங்கள் அமைத்தன. ராம்ஸ்டைன் விமானத் தளம் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் வெளியூர்க்காரர்கள் வந்து போவது இந்த ஊருக்குப் பழகிய விஷயம்.

ரயில் நிலையத்துக்குப் பின்னாலேயே ஒரு குன்று எழும்புகிறது. பெட்சன்பெர்க் என்று பெயர். அதன் உச்சியில் மைதானம். ஆட்டத்தன்று சிவப்புச் சட்டைக் கூட்டம் ரயிலிலிருந்து இறங்கி மலையேறும். 1900-ல் பிறந்த 1. எஃப்.சி. கைஸர்ஸ்லாட்டர்ன் கிளப்புக்குச் செல்லப் பெயர் ‘சிவப்புப் பிசாசுகள்’. பெரிய நகரத்துக் கிளப்புகள் இந்தக் குன்றில் ஏறி வரப் பயப்பட்ட காலம் உண்டு. பிரேமே சேர்ந்த முதல் பருவத்திலேயே, 1982 மார்ச்சில், ஐரோப்பியக் கோப்பை ஆட்டம் ஒன்றில் ரியல் மாட்ரிட்டை 5-0 என்று இங்கே துவைத்து அனுப்பினார்கள்.

இந்தக் குன்றின் குலதெய்வம் என்றால் அது ஃபிரிட்ஸ் வால்டர். 1954-ல் மேற்கு ஜெர்மனி முதன்முதலாக உலகக் கோப்பையை வென்றபோது அவர்தான் கேப்டன். அந்த இறுதி ஆட்டத்தில் ஆடிய பதினோரு பேரில் ஐந்து பேர் இந்தச் சின்ன ஊர்க் கிளப்பைச் சேர்ந்தவர்கள்: ஃபிரிட்ஸ் வால்டர், அவர் தம்பி ஓட்மர் வால்டர், லீப்ரிச், கோல்மயர், எக்கெல். போரில் தோற்று, தலை குனிந்து நின்ற ஒரு நாட்டுக்கு அந்த வெற்றி என்னவாக இருந்தது என்பது தனிக் கதை.

1951-ல் ஸ்பெயினின் அட்லெடிகோ மாட்ரிட் கிளப் ஃபிரிட்ஸ் வால்டரைப் பெரும் பணம் கொடுத்துக் கூப்பிட்டது. அவர் போகவில்லை. வாழ்நாள் முழுவதும் ஒரே கிளப். 1985-ல் அவருடைய 65-வது பிறந்த நாளையொட்டி மைதானத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். அப்போது பிரேமே அந்த மைதானத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் ஃபிரிட்ஸ் வால்டர் இல்லை. கூப்பிட்டால் போகிற ஜாதி, நம்மைப் போல.

மாற்றல் மேல் மாற்றல்

1986-ல் பயர்ன் மியூனிக் கூப்பிட்டது, போனார். அடுத்த வருடமே ஜெர்மன் லீக் சாம்பியன். அதே 1987-ல் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் போர்ட்டோவிடம் 2-1 தோல்வி. 1988-ல் மத்தேயஸோடு சேர்ந்து இத்தாலியின் இண்டர் மிலானுக்குப் போனார். அங்கே பயிற்சியாளர் டிராபட்டோனி. முதல் பருவத்திலேயே, 1989-ல், இண்டர் சாம்பியன். 34 ஆட்டங்களில் 58 புள்ளிகள். வெற்றிக்கு 2 புள்ளி கொடுத்த காலத்தில் அது பெரிய தொகை. 1991-ல் யூஇஎஃப்ஏ கோப்பையும் வந்தது. அப்புறம் ஒரு வருடம் ஸ்பெயினில் சரகோசா.

நடுவில் 1990 வந்தது. உலகக் கோப்பை இத்தாலியில். ஜெர்மன் அணியின் ஆரம்ப ஆட்டங்கள் மிலானில், அதாவது பிரேமே தினமும் ஆடிப் பழகிய மைதானத்தில். அங்கே நாக் அவுட் சுற்றில் நெதர்லாந்து எதிரணி. ரைகார்ட் ரூடி ஃபோலரின் தலைமேல் துப்பி, இருவருமே வெளியே அனுப்பப்பட்ட ஆட்டம் அதுதான். அதில் பிரேமே இடது ஓரத்திலிருந்து வலது காலால் வளைத்து அடித்த பந்து தூரத்து மூலையில் போய் விழுந்தது. 2-1 வெற்றி. அரை இறுதியில் இங்கிலாந்து. பிரேமே அடித்த ஃப்ரீ கிக், தடுக்க ஓடி வந்த பார்க்கரின் மேல் பட்டு எகிறி, கோல்கீப்பர் ஷில்டன் தலைக்கு மேலே போய் வலையில் இறங்கியது. 1-1. பெனால்டியில் 4-3 என்று ஜெர்மனி தப்பித்தது. அதிலும் ஜெர்மனிக்கு முதலில் அடித்தவர் பிரேமேதான்.

ஜூலை 8, ரோம். நம் ஊரில் இரவு மணி 11.30. தூர்தர்ஷன் புண்ணியத்தில் ஆறாம் ஏழாம் வகுப்புப் பையன்களும் தூங்காமல் உட்கார்ந்திருந்த ராத்திரி. ஆட்டம் அழகாக இருந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அர்ஜென்டினாவின் மொன்சோன் சிவப்பு அட்டை வாங்கினார். உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அதுவே முதல் தடவை. 85-வது நிமிடம், சென்சினி தடுத்ததில் ஃபோலர் கட்டத்துக்குள் விழுந்தார். நடுவர் பெனால்டி என்றார். அர்ஜென்டினாக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

வழக்கமாக அடிக்க வேண்டியவர் கேப்டன் மத்தேயஸ். முதல் பாதியில் அவருடைய ஷூ பிய்ந்துபோய், இடைவேளையில் வேறு ஜோடிக்கு மாறியிருந்தார். புது ஷூவில் கால் பழகவில்லை, அடிக்க மனம் வரவில்லை. பிரேமே பந்தை வாங்கி வைத்தார். எதிரே கொய்கோசெயா. காலிறுதியிலும் அரை இறுதியிலும் பெனால்டிகளைத் தடுத்தே அணியை இறுதி வரை கொண்டு வந்தவர். இந்தத் தடவையும் சரியான பக்கம்தான் பாய்ந்தார். ஆனால் பந்து தரையோடு தரையாக, கம்பத்தை ஒட்டி உள்ளே போய்விட்டது. 1-0. மேற்கு ஜெர்மனி என்ற பெயரில் அந்த நாடு வென்ற கடைசிக் கோப்பை அது. அக்டோபர் 3 அன்று கிழக்கும் மேற்கும் ஒன்றாகிவிட்டன.

இந்த இடத்தில் படத்தை முடித்தால் சுபம். ஆனால் எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான்.

திரும்பி வந்தவர்

1993-ல் பிரேமேக்கு 32 வயது. உலகக் கோப்பை, இத்தாலி லீக், ஜெர்மன் லீக் எல்லாம் பார்த்தாகிவிட்டது. திரும்பி ஜெர்மனி வந்தபோது சேர்ந்த இடம் பிறந்த ஹாம்பர்க் இல்லை, பணக்கார மியூனிக் இல்லை. அந்தக் குன்று. முதல் வருடம் கிளப் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன் பட்டத்தை மியூனிக்கிடம் விட்டது. திரும்பி வந்தது சரிதான் என்று தோன்றியிருக்கும்.

1995-96 பருவத்தில் எல்லாம் கெட்டது. கிளப் தோற்றுக்கொண்டே இருந்ததா என்றால் அதுவும் இல்லை. 34 ஆட்டங்களில் 6 வெற்றி, 10 தோல்வி, 18 டிரா. பதினெட்டு! ஜெர்மன் லீக்கில் வெற்றிக்கு 3 புள்ளி என்ற விதி வந்த முதல் வருடம் அது. அதற்கு முன் வெற்றிக்கு 2, டிராவுக்கு 1. புது விதியில் டிரா என்பது வட்டி வராத கரண்ட் அக்கவுண்ட் மாதிரி. பணம் இருக்கும், வளராது.

நம்ம தொழில் கணக்கு, அதனால் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. புது விதிப்படி கைஸர்ஸ்லாட்டர்ன் 36 புள்ளி, 16-வது இடம். 16, 17, 18 மூன்றும் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். அதற்கு மேலே 15-வது இடத்தில் சாங்க்ட் பவுலி: 9 வெற்றி, 11 டிரா, 38 புள்ளி. பழைய விதியில் போட்டால் கைஸர்ஸ்லாட்டர்ன் 12-ம் 18-ம் சேர்த்து 30. சாங்க்ட் பவுலி 18-ம் 11-ம் சேர்த்து 29. ஆக, ஒரு வருடம் முந்தி இதே கணக்கு வந்திருந்தால் குன்றுக்காரர்கள் பிழைத்திருப்பார்கள். விதி வேறாக இருந்தால் ஆட்டமும் வேறாக இருந்திருக்கும் என்பது உண்மைதான். இருந்தாலும் ஒரு சுற்றறிக்கை மாறியதில் வாழ்க்கை மாறியவர்களை நாம் பார்த்ததில்லையா என்ன?

கடைசி நாள் 1996 மே 18. லெவர்குசென் ஊரில் ஆட்டம். எதிரணி லெவர்குசெனும் அதே ஆபத்தில். ஜெயித்தால் கைஸர்ஸ்லாட்டர்ன் தப்பிக்கும், லெவர்குசென் இறங்கும். டிரா ஆனால் மறுபடி. செக் நாட்டுக்காரர் குகா கோல் அடித்து 1-0. இன்னும் பத்து நிமிடம் கூட இல்லை. லெவர்குசெனின் மூன்ஷ் அடித்த கோலில் 1-1 ஆனது. அந்தப் பருவத்தின் பதினெட்டாவது டிரா. 1963-ல் லீக் தொடங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூட இறங்காத கிளப், இறங்கியது.

ஆட்டம் முடிந்ததும் தொலைக்காட்சிக்காரர்கள் இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பேட்டி எடுத்தார்கள். ஒருவர் பிரேமே. இன்னொருவர் லெவர்குசெனின் ரூடி ஃபோலர். ஆமாம், ரோமில் பெனால்டி வாங்கிக் கொடுத்த அதே ஃபோலர். அவருக்கு அதுவே கடைசி லீக் ஆட்டம். அவருடைய கிளப் பிழைத்துவிட்டது. பிரேமே பேசப் பார்த்தார், முடியவில்லை. ஃபோலரின் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஃபோலர் அணைத்துக்கொண்டு நின்றார். பந்தை வைத்து உலகத்தையே ஜெயித்துக் கொடுத்த ஜோடி. ஆறு வருடத்தில் ஒருவர் கரையில், ஒருவர் வெள்ளத்தில்.

35 வயது மனிதர். எல்லாப் பட்டமும் வாங்கியவர். ஒரு சின்ன ஊர்க் கிளப் இரண்டாம் பிரிவுக்குப் போனதற்கு இப்படி அழ வேண்டுமா என்று யாராவது கேட்கலாம். அவர் பிறந்த ஊரா அது? இல்லை. அப்பா வீடு அங்கே இருந்ததா? இல்லை. இருபது வயதில் வேலைக்கு வந்த ஊர், அவ்வளவுதான். இந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு பெரியது என்று ராஞ்சியிலும் நாக்பூரிலும் போகாரோவிலும் வேலை பார்த்து, பிள்ளை பெற்று, பிறகு மாற்றலாகி மூட்டை கட்டிய நம் ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஏழே நாள் கழித்து, மே 25 அன்று பெர்லினில் ஜெர்மன் கோப்பை இறுதி ஆட்டம். எழவு வீட்டில் கல்யாணம் வந்த கதை. கார்ல்ஸ்ருஹேக்கு எதிராக வாக்னர் அடித்த ஃப்ரீ கிக்கில் 1-0 என்று ஜெயித்துவிட்டார்கள். பிரேமே அந்த ஆட்டத்தில் இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேற்றப்பட்டார். கோப்பை கையில், இறக்கம் தலையில்.

ஆண்டி இறங்கவில்லை

இப்போது அவர் ஓய்வு பெற்றிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். உலக சாம்பியன் ஒருவர் 36 வயதை நெருங்கும்போது சின்னச் சின்ன ஊர் மைதானங்களில் இரண்டாம் பிரிவு ஆட வேண்டிய அவசியம் என்ன? பிரேமே இருந்தார். கிளப்போடு சேர்ந்து இறங்கினார்.

புதுப் பயிற்சியாளராக வந்தவர் ஓட்டோ ரெஹாகல். இளவயதில் பெயின்டர் வேலை கற்றவர், பிறகு இதே குன்றில் 1966 முதல் 72 வரை ஆடியவர். வெர்டர் பிரேமன் கிளப்பில் பதினான்கு வருடம் ராஜாவாக இருந்துவிட்டு மியூனிக்குக் போனார். அங்கே ஒரு வருடம் முடியுமுன், 1996 ஏப்ரலில், அனுப்பிவிட்டார்கள். அடிபட்ட பயிற்சியாளரும் அடிபட்ட கிளப்பும் சேர்ந்தார்கள். 1996-97-ல் இரண்டாம் பிரிவில் முதலிடம். கடைசி ஆட்டத்தில் மெப்பன் அணியை 7-6 என்று ஜெயித்தார்கள். எழுத்துப் பிழை இல்லை, ஏழுக்கு ஆறுதான். மேலே ஏறியாகிவிட்டது என்ற குஷியில் தடுப்பாட்டம் லீவில் போய்விட்டது போலிருக்கிறது.

1997 ஆகஸ்ட் 2. முதல் பிரிவில் முதல் ஆட்டம். எங்கே? மியூனிக்கில். எதிரே பயர்ன். அதற்குப் பயிற்சியாளர் யார்? இண்டரில் பிரேமேயைச் சாம்பியன் ஆக்கிய அதே டிராபட்டோனி. இந்தப் பக்கம் மியூனிக் துரத்திவிட்ட ரெஹாகல். 80-வது நிமிடத்தில் டென்மார்க்காரர் ஷோன்பெர்க் தலையால் முட்டி 1-0. சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

எல்லோரும் ஒரு நாள் கூத்து என்று நினைத்தார்கள். நான்காவது சுற்றில் முதலிடத்துக்கு வந்தவர்கள் கடைசி வரை இறங்கவே இல்லை. டிசம்பரில் பயர்ன் குன்றேறி வந்தபோது 2-0 என்று திருப்பி அனுப்பினார்கள். முன்னால் ஓலாஃப் மார்ஷல் 21 கோல் அடித்தார். நடுவில் சுவிட்சர்லாந்துக்காரர் ஸ்ஃபோர்சா. பின்னால் செக் நாட்டு காட்லெக். வலது ஓரத்தில் பிரேசிலின் ராட்டின்யோ. கிழக்கு ஜெர்மனியிலிருந்து புதிதாக வந்திருந்த மிகாயேல் பாலாக் என்ற பொடியனும் உண்டு. பிற்காலத்தில் ஜெர்மன் அணிக்கே கேப்டன் ஆனார். கவனித்தீர்களா, வெளியூர்க்காரர்கள் கூட்டம்.

1998 மே 2. கடைசிக்கு முந்தின ஆட்டம். குன்றில் வோல்ஃப்ஸ்பர்கை 4-0 என்று வென்றார்கள். அதே நேரம் டூயிஸ்பர்கில் பயர்ன் 0-0. கணக்கு முடிந்தது. இரண்டாம் பிரிவிலிருந்து ஏறி வந்த அதே வருடத்தில் சாம்பியன். 1963-லிருந்து ஜெர்மன் லீக்கில் இதைச் செய்த கிளப் இது ஒன்றுதான். இன்று வரைக்கும்.

பிரேமே அந்தப் பருவத்தில் அதிகம் ஆடவில்லை. வயது 37. பெரும்பாலும் வெளியே உட்கார்ந்து பார்த்தார். ஆனால் தோளில் அழுதவர் கையில் கேடயம் வந்தது. அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் ஹாம்பர்கில், அவர் பிறந்த ஊரில், 1-1 என்று முடிந்தது. அத்தோடு அவருடைய ஆட்ட வாழ்க்கையும் முடிந்தது. நாட்டுக்காக 86 ஆட்டங்கள், 8 கோல்கள். எட்டுதான். ஆனால் எந்த எட்டு என்று பாருங்கள்.

கடன் கணக்கு

இனி வருவது கசப்பான பகுதி. வங்கிக்காரன் என்பதால் இதை மறைக்க மனம் வரவில்லை.

சாம்பியன் ஆன கிளப் தன்னைப் பெரிய கிளப் என்று நம்பத் தொடங்கியது. பெரிய சம்பளத்தில் ஆட்கள். 2006 உலகக் கோப்பை ஜெர்மனியில் நடக்கப் போகிறது, நம் மைதானத்திலும் ஆட்டம் வேண்டும் என்று குன்றின் மேல் விஸ்தரிப்பு வேலை. ஒரு லட்சம் பேர் இருக்கிற ஊரில் கிட்டத்தட்ட 50 ஆயிரம் பேர் உட்காரும் மைதானம். ஊரில் பாதிப் பேர் வந்தால்தான் நிரம்பும். கடன் மனு இப்படி என் மேஜைக்கு வந்தால் நான் இரண்டு தடவை மூக்குக் கண்ணாடியைத் துடைத்திருப்பேன்.

2000-ல் பிரேமேயே பயிற்சியாளராக வந்தார். 2001-ல் ஐரோப்பிய யூஇஎஃப்ஏ கோப்பையின் அரை இறுதி வரை போனார்கள். அடுத்த பருவத்தை வரிசையாக ஏழு வெற்றிகளோடு ஆரம்பித்தார்கள். பிறகு சரிவு. 2002 ஆகஸ்டில் பிரேமேயை நீக்கினார்கள். அழுதவர், இறங்கியவர், ஏறியவர் என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள். நிர்வாகம் நிர்வாகம்தான். கஜானாவைத் திறந்து பார்த்தபோது காற்றுதான் இருந்தது. ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்த சில தொகைகள் சம்பளம்தான் என்று வரித் துறை பிடித்தது. 2003-ல் மைதானத்தையே நகராட்சியின் நிறுவனத்துக்கு விற்று, அதே மைதானத்தில் வாடகைக்கு ஆட வேண்டியதாயிற்று. சொந்த வீட்டை விற்று அதிலேயே வாடகைக்கு இருப்பது எப்படி இருக்கும்?

2006-ல் உலகக் கோப்பை அந்த மைதானத்துக்கு வந்தது. அதே வருடம் கிளப் மறுபடி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 2010-ல் ஏறி 2012-ல் இறங்கியது. 2018-ல் மூன்றாம் பிரிவு. 2020-ல் திவால் மனு. ஃபிரிட்ஸ் வால்டர் 2002-லேயே காலமாகிவிட்டார், இதையெல்லாம் பார்க்கவில்லை. ஆனாலும் மூன்றாம் பிரிவில் கிடந்தபோதும் குன்றேறிப் போகிற கூட்டம் நிற்கவில்லை. 2022-ல் இரண்டாம் பிரிவுக்கு ஏறி வந்தார்கள்.

தோல்வியைப் பற்றி பிரேமே சொன்ன ஒரு வாக்கியம் ஜெர்மனியில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. நாகரிகமாகத் தமிழில் சொன்னால்: காலில் சாணி ஒட்டிவிட்டால் ஒட்டியதுதான். அவர் சொன்னது சாணியை விட மோசமான வஸ்து :-) கெட்ட நேரத்தை விளக்கிச் சொல்லத் தத்துவம் எதுவும் தேவையில்லை என்று தெரிந்த மனிதர்.

2024

அந்த வருடம் ஜனவரி 7 அன்று, 1990 அணியின் பயிற்சியாளர் பெக்கன்பாவர் காலமானார். ஆறே வாரத்தில், பிப்ரவரி 20 அன்று, மியூனிக்கில் மாரடைப்பில் பிரேமேயும் போய்விட்டார். வயது 63. அன்று எங்கள் கிளையில் அர்ஜென்டினா கட்சிக்காரர் ஒருவர் பேப்பரைக் காட்டி, “தாதா, உங்க ஆள் போயிட்டாரே” என்றார். எப்போது அவர் என் ஆள் ஆனார் என்று தெரியவில்லை. ஆனால் மறுக்கவும் தோன்றவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு விசித்திரம். இரண்டாம் பிரிவில் தடுமாறிக்கொண்டிருந்த கைஸர்ஸ்லாட்டர்ன், ஜெர்மன் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. பெர்லின். தேதி மே 25. 1996-ல் கோப்பை வென்ற அதே தேதி. எதிரணி லெவர்குசென்! 1996-ல் கடைசி நாளில் மயிரிழையில் தப்பிய லெவர்குசென் இப்போது லீக்கில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத சாம்பியன். ஜாகா அடித்த ஒரே கோலில் 1-0 என்று அவர்களே ஜெயித்தார்கள். ஆண்டி இருந்திருந்தால் பார்த்திருப்பார். அழுதும் இருக்கலாம்.

இரண்டு விதமான விசுவாசம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று ஃபிரிட்ஸ் வால்டருடையது. பிறந்த மண், எவ்வளவு பணம் கொடுத்தாலும் போக மாட்டேன். அது கும்பிட வேண்டிய விஷயம். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அது கிடைக்கவில்லை. டிகிரி வாங்கிய கையோடு ரயிலேறியவர்கள் நாம். நம்மை ஊரில் ‘வெளியூர்க்காரன்’ என்பார்கள், இங்கே ‘மெட்ராஸி’ என்பார்கள்.

இன்னொன்று பிரேமேயுடையது. பிறந்தது ஓர் இடம், வளர்ந்தது ஓர் இடம், சம்பாதித்தது நாலு இடம். ஆனால் எந்த இடம் கஷ்டத்தில் இருக்கும்போது கூட நின்றோமோ அதுதான் நம் இடம் என்று காட்டியவர். விசுவாசம் என்பது பிறப்புச் சான்றிதழில் வருவது மட்டும் இல்லை என்பதற்கு அந்த 1996 மே மாதத்து அழுகை சாட்சி.

என் பையன் வீட்டில் தமிழ் பேசுவான், தெருவில் இறங்கினால் வங்காளம். ஊரிலிருந்து வருகிற பெரியவர்கள் எது அவன் சொந்த பாஷை என்று கவலைப்படுகிறார்கள். இரண்டிலும் ஒரே மாதிரி ஓடுகிறான். பிரேமேக்கு எது சொந்தக் கால் என்று கேட்டால் என்ன சொல்ல? அடிக்க வேண்டிய நேரத்தில் எது வாகாக இருக்கிறதோ அது. ஆனால் ஒன்று, இரண்டு காலையும் பழக்கியவர் அவருடைய அப்பா. தானாக வந்ததில்லை. நம் வீடுகளில் தமிழும் தானாக வராது, நாம்தான் பழக்க வேண்டும்.

உங்கள் ஊரில் யாராவது 1990 பெனால்டியைப் பற்றிச் சண்டைக்கு வந்தால், அது பெனால்டியா இல்லையா என்று வாதாட வேண்டாம், அது தீராது. அடித்தவர் யார், ஆறு வருடம் கழித்து எந்த ஊருக்காக அழுதார், பிறகு என்ன செய்தார் என்று சொல்லுங்கள். டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம்.